தொள்ளாயிரம் டாலரில் நின்றுபோன பட்டங்கள்

அட்லாண்டா நகரின் நட்டநடுவில், வங்கிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் இடையே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம். வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் வந்து படிப்பதற்காக 1913-இல் தொடங்கிய வணிகப் பள்ளிதான் பிறகு பல்கலைக்கழகமாக வளர்ந்தது. கறுப்பினத்தவரைச் சேர்க்காமல் தட்டிக்கழித்து வந்தது. 1959-இல் நீதிமன்றத்தில் தோற்றது. அதற்குப் பிறகும் இழுத்தடித்து 1962-இல்தான் முதல் கறுப்பின மாணவிக்கு இடம் கொடுத்தது.

கதவு திறந்ததே தவிர, உள்ளே வந்தவர்களில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே போனார்கள் என்பது வேறு கணக்கு. 2003-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, சேர்ந்தவர்களில் ஆறு ஆண்டுக்குள் பட்டம் வாங்கியவர்கள் 32 சதவீதம். கறுப்பின மாணவர்களில் 29 சதவீதம். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரில் 22. கறுப்பின ஆண்களை மட்டும் தனியாக எடுத்தால் 18. அடுத்த பதினோரு பன்னிரண்டு ஆண்டுகளில் மொத்த விகிதம் 54-க்கு ஏறியது. கறுப்பின, லத்தீன் மாணவர்களின் விகிதம் வெள்ளை மாணவர்களுடையதற்குச் சமமாகவோ அதைவிடச் சற்று மேலாகவோ வந்தது.

இப்படியொரு ஏற்றத்தைக் கேட்டால் முதலில் வரவேண்டிய சந்தேகம், நல்ல மதிப்பெண் வாங்கியவர்களாகப் பொறுக்கிச் சேர்த்திருப்பார்களோ என்பதுதான். நடந்தது எதிர்த்திசையில். ஏழைக் குடும்பத்து மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகையைப் பெறுபவர்களின் பங்கு இதே காலத்தில் 31 சதவீதத்திலிருந்து 60-ஐ நெருங்கியது. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் மாநில அரசின் நிதியும் வெட்டப்பட்டது. வந்து சேர்கிறவர்கள் முன்பைவிட ஏழைகள், கல்லூரியின் கையிலும் காசு குறைவு. ஆனால் பட்டம் பெறுபவர்கள் கூடினார்கள். இதற்குத் தரவுகளைப் பயன்படுத்தியதுதான் காரணம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுவதால்தான் இதைப் பார்த்துச் செய்த பல கல்லூரிகள் மென்பொருளை மட்டும் வாங்கிவிட்டு, ஏன் ஒன்றும் நகரவில்லை என்று விழிக்கின்றன.

‘ஆறு ஆண்டு’ என்ற கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் நான்கு ஆண்டுப் படிப்பு. மாணவர்கள் தகவல் அறியும் உரிமைக்காக 1990-இல் வந்த சட்டம், படிப்புக்குரிய காலத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குள் முடித்தவர்களைக் கணக்கிட்டு வெளியிடச் சொன்னது. முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்து, முழுநேரமாகச் சேர்ந்தவர்கள் மட்டும்தான் இதில் வருவார்கள். இரண்டாம் ஆண்டில் வேறு கல்லூரிக்கு மாறி அங்கே பட்டம் வாங்கியவர், விட்டுப்போன கல்லூரியின் ஏட்டில் தோற்றவர்தான். வேறு இடத்திலிருந்து வந்து சேர்ந்து முடித்தவர், முடித்த கல்லூரியின் ஏட்டில் வரமாட்டார். ஓட்டைகள் உள்ள அளவுகோல். ஆனால் ஊருக்கெல்லாம் ஒரே அளவுகோல் என்பதால் அதை வைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

படிப்பை விட்டுப் போவதைப் பற்றிய ஆய்வுக்கு அரை நூற்றாண்டு வயதாகிறது. சமூகவியலாளர் வின்சென்ட் டின்டோ 1975-இல் எழுதிய கட்டுரை அதில் மூலவேர் போன்றது. தற்கொலை பற்றி எமில் துர்கெய்ம் சொன்னதிலிருந்து அவர் புறப்பட்டார்: சமூகத்தோடு பிணைப்பு அறுந்தவர் விலகிப்போகிறார், கல்லூரியிலும் அப்படித்தான், பாடத்தோடும் சக மாணவர்களோடும் ஒட்டாதவர் வெளியேறுகிறார். நல்ல கோட்பாடு. ஆனால் இதைப் படித்த நிர்வாகிகள் பலரும் ஒட்டாமல்போன மாணவரையே உற்றுப் பார்த்தார்கள். ஒட்டவிடாத இடம் எது என்று பார்த்தவர்கள் குறைவு. வீட்டில் படித்தவர்கள் இல்லை, பள்ளி சரியில்லை, உழைப்பு போதாது என்று காரணங்களின் பட்டியல் எப்போதும் கைவசம் இருந்தது.

ஜார்ஜியா ஸ்டேட்டில் மாணவர் வெற்றிக்கான பொறுப்பை ஏற்ற டிம் ரெனிக் சமயவியல் பேராசிரியர். கணினித் துறைக்காரர் அல்ல. 2012-இல் அவருடைய குழுவினர் பத்தாண்டுப் பழைய பதிவேடுகளைத் தோண்டினார்கள்: ஒரு லட்சத்து நாற்பதாயிரம் மாணவர்கள், அவர்கள் வாங்கிய 25 லட்சம் மதிப்பெண்கள். ஒரு மாணவர் பட்டம் வாங்காமல் போவதற்கு முன்பு அவருடைய பதிவேட்டில் என்ன தெரிந்தது என்பதுதான் கேள்வி. கிடைத்த அடையாளங்கள் எண்ணூறுக்குப் பக்கம்.

பலவும் சில்லறை விஷயங்கள் போலத்தான் தோன்றும். அரசியல் அறிவியலை முதன்மைப் பாடமாக எடுத்தவர், அதன் முதல் தாளில் ஏ அல்லது பி வாங்கினால் முடித்துவிடுவதற்கான வாய்ப்பு நான்கில் மூன்று. சி வாங்கினால் நான்கில் ஒன்று. சி என்பது தேர்ச்சிதான். எனவே அதுவரை யாரும் அவரைக் கூப்பிட்டுப் பேசியதில்லை. பாஸாகிவிட்டார் என்று அடுத்த தாளுக்கு அனுப்பினார்கள், அடுத்த தாள் அதைவிடக் கடினம். செவிலியர் படிப்பில் கரைசேர்வாரா என்பதை உயிரியலையும் வேதியியலையும்விட முதலாண்டுக் கணக்குப் பாடம் நன்றாகக் காட்டியது. துறைக்குள் முப்பது ஆண்டு பாடம் நடத்தியவர்களும் இதை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். இன்னும் எளிய அடையாளம் ஒன்று: தன் பட்டத்துக்குக் கணக்கில் வராத தாளை மாணவர் தவறிப்போய்ப் பதிவு செய்வது. நூற்றுக்கணக்கான பாடங்கள், தொண்ணூறு வகைப் பட்டங்கள், பத்தாயிரக்கணக்கில் மாணவர்கள். வீட்டில் கேட்டுச் சொல்ல ஒருவர் இருந்தால் தப்பு நேராது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த ஒருவர் இல்லை. ஒரு பருவத்துப் பணமும் உழைப்பும் வீணான பிறகுதான் அவருக்குத் தெரியவரும்.

இனி ஒவ்வொரு இரவும் கணினி எல்லா மாணவர்களின் பதிவையும் இந்த எண்ணூறு அடையாளங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஏதாவது ஒன்று பொருந்தினால் மறுநாள் அந்த மாணவரின் ஆலோசகருக்குத் தகவல் போகும். அவர் ஓரிரு நாளில் மாணவரைக் கூப்பிட்டுப் பேசியாக வேண்டும். ஆலோசகர் என்பவர் நம் ஊர் ‘ட்யூட்டர் வார்டு’ முறையில் வருகிற ஆசிரியர் அல்ல. எந்தத் தாளை எப்போது எடுப்பது, எதைக் கைவிடுவது, எந்தத் துறைக்கு மாறுவது என்று வழிகாட்டுவதையே முழுநேர வேலையாகச் செய்பவர். அதுவரை ஒரு ஆலோசகருக்கு எழுநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இருந்தார்கள். அந்த நிலையில் கணினி எச்சரிக்கைகளைக் குவித்தால் என்ன ஆகும்? படிக்காத மின்னஞ்சல்கள் குவியும், அவ்வளவுதான். பல்கலைக்கழகம் புதிதாக 42 ஆலோசகர்களை வேலைக்கு எடுத்தது. விகிதம் முந்நூறுக்கு ஒருவர் என்று இறங்கியது. எச்சரிக்கையைத் தொடர்ந்து நடக்கும் நேர்முகச் சந்திப்புகள் ஆண்டுக்கு ஐம்பதாயிரத்தைத் தொட்டன. மென்பொருளுக்கான செலவைவிட இந்த ஆட்களுக்கான சம்பளம் பல மடங்கு. தரவின் வெற்றி என்று எழுதப்படும் செய்திகளில் இந்தச் சம்பளக் கணக்குக் கடைசிப் பத்தியில் வரும், வந்தால்.

எண்ணூறு அடையாளங்களைவிட, ஒரே ஒரு பட்டியல்தான் இந்தக் கதையின் உயிர்நாடி என்பது என் கட்சி. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கட்டணம் கட்டக் கடைசி நாள் முடிந்ததும், பாக்கி வைத்தவர்களின் பெயர் வகுப்புகளிலிருந்து நீக்கப்படும். பருவத்துக்கு ஆயிரம் பேர் வரை இப்படி நீக்கப்பட்டார்கள். கட்டணம் கட்டாதவருக்கு ஹால் டிக்கெட்டை நிறுத்திவைக்கும் வழக்கத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் விநோதம் ஒன்றும் தெரியாது. ஜார்ஜியா ஸ்டேட்டில் அந்தப் பட்டியலை யாரோ ஒருவர் வரிவரியாகப் படித்திருக்கிறார். அதில் இறுதியாண்டு மாணவர்கள் இருந்தார்கள். நல்ல மதிப்பெண், முடிக்க இன்னும் ஒன்றிரண்டு பருவம், கிடைக்கக்கூடிய உதவித்தொகை, கடன் எல்லாம் வாங்கித் தீர்த்தாகிவிட்டது; பாக்கி முந்நூறு டாலர், எண்ணூறு டாலர் என்று நின்றது.

2011-இல் சிறு அளவில் ஒரு சோதனை. பாக்கித் தொகையைப் பல்கலைக்கழகமே மாணவரின் கணக்கில் போட்டுவிடும். விண்ணப்பம் கிடையாது, சான்றிதழ் கிடையாது, யார் கையெழுத்தும் வேண்டாம். யாருக்குக் கொடுப்பது என்பதைப் பதிவேட்டிலிருந்தே கணினி சொல்லும்: படிப்பில் சரியான தடத்தில் இருக்கிறாரா, வேறு உதவிகள் தீர்ந்துவிட்டனவா, பாக்கி எவ்வளவு. பிறகு மாணவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. நிதி ஆலோசகர் ஒருவரைச் சந்தித்து மீதிப் படிப்புக்கான செலவைத் திட்டமிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. சராசரி உதவி சுமார் தொள்ளாயிரம் டாலர். 2010-களின் இறுதிக்குள் இப்படி உதவி பெற்றவர்களின் எண்ணிக்கை பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியது.

இதில் தர்ம சிந்தனை இல்லாமல் இல்லை; ஆனால் கணக்கும் இருக்கிறது. தொள்ளாயிரம் டாலருக்காக ஒருவரை வெளியே அனுப்பினால், அவர் ஏற்கெனவே திரட்டிவைத்திருந்த பல ஆயிரம் டாலர் உதவித்தொகையும் கடனும் அவரோடு போய்விடும். அந்தப் பருவத்துக் கட்டணமாக அது பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்க வேண்டிய பணம். மாணவர் தங்கும் விகிதம் ஒரு சதவீதப் புள்ளி கூடினால் ஆண்டுக்கு முப்பது லட்சம் டாலருக்கு மேல் கூடுதல் வருவாய் என்பது ரெனிக் சொல்லும் கணக்கு. ஆக, பழைய விதி மாணவருக்கு மட்டுமில்லை, விதி போட்டவர்களுக்கும் நட்டம். பல பத்தாண்டுகளாக அது நடந்துகொண்டிருந்தது. கட்டண வசூல் ஒரு அலுவலகம், மதிப்பெண் இன்னொரு அலுவலகம், உதவித்தொகை மூன்றாவது அலுவலகம். மூன்று ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இங்கே தரவு செய்த வேலை அந்த ஏடுகளை ஒரே மேசையில் பரப்பியது. இதற்குச் செயற்கை நுண்ணறிவெல்லாம் தேவையே இல்லை.

2016-இல் வந்த பவுன்ஸ் என்ற சாட்பாட்டையும் இதே வரிசையில் வைக்கலாம். இடம் கிடைத்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கோடை விடுமுறையில் காணாமல்போகும் மாணவர்கள் உண்டு. தேட ஆரம்பித்தால், உதவித்தொகைப் படிவம், தடுப்பூசிச் சான்று, வரி ஆவணம் என்று ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டு நின்றிருப்பார்கள். குறுஞ்செய்தியில் கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லும் ஏற்பாடு அது. முதல் கோடையிலேயே இரண்டு லட்சம் பதில்கள். நள்ளிரவிலும் கேட்கலாம், விவரம் தெரியாதவன் என்று யாரும் நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் வேண்டாம். ஆய்வாளர்கள் லிண்ட்சே பேஜும் ஹண்டர் கெல்பாக்கும் நடத்திய சோதனையில், இப்படிக் கரைந்துபோகிறவர்களின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. படிவங்களையே பாதியாகக் குறைத்திருந்தால் சாட்பாட்டே வேண்டியிருக்காது என்பது வேறு விஷயம்.

இந்தத் துறையில் புகழ் பெறுவதும் சுலபம், ஏமாறுவதும் சுலபம். இந்தியானா மாநிலத்தின் பர்டியூ பல்கலைக்கழகம் இதற்கு முன்பே ‘கோர்ஸ் சிக்னல்ஸ்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்து பெயர் வாங்கியிருந்தது. பாடத்தில் பின்தங்கும் மாணவரின் திரையில் போக்குவரத்து விளக்குபோல் சிவப்போ மஞ்சளோ எரியும். இந்த வசதியுள்ள பாடங்கள் இரண்டோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் மற்றவர்களைவிட மிக அதிகமாகத் தங்கினார்கள் என்று அறிவித்தார்கள், பத்திரிகைகள் கொண்டாடின. 2013-இல் கல்வித் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்த மைக் கால்ஃபீல்ட் ஒரு கேள்வி கேட்டார். இரண்டு பாடம் எடுத்ததால் தங்கினார்களா, தங்கியதால் இரண்டு பாடம் எடுக்க முடிந்ததா? முதல் பருவத்திலேயே ஓடிப்போனவருக்கு இரண்டாவது பாடம் எடுக்க வாய்ப்பே இல்லையே! அதே துறையைச் சேர்ந்த ஆல்ஃபிரெட் எஸ்ஸா கணினியில் ஒரு பாவனைக் கணக்குப் போட்டுக் காட்டினார். விளக்குக்குப் பதிலாக மாணவர்களுக்குச் சாக்லேட் கொடுத்ததாக வைத்துக்கொண்டாலும், அதிகச் சாக்லேட் வாங்கியவர்கள் அதிகமாகத் தங்கியதாகத்தான் வருகிறது. தங்கியிருந்தவர்களுக்குத்தானே சாக்லேட் கிடைத்துக்கொண்டே இருக்கும். பெரிய தரவு என்று பேசுகிறவர்கள் எல்லாரும் இந்தச் சாக்லேட் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு மேடையேறினால் நல்லது.

சரியான கணிப்பு கையில் இருந்தாலும் அடுத்து எழும் கேள்வி, அதை வைத்து யாரை என்ன செய்யப்போகிறோம் என்பது. ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு பதில்கள் சில ஆண்டு இடைவெளியில் கிடைத்திருக்கின்றன.

முதலாவது ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம். வேதியியல் பேராசிரியர் டேவிட் லாட் 1999-இல், தன் ஐந்நூறு பேர் வகுப்பில் வழக்கமாகத் தோற்கும் பின்னணியைச் சேர்ந்த ஐம்பது பேரைப் பிரித்தெடுத்துத் தனி வகுப்பு நடத்தினார். பாடத்தைக் குறைக்கவில்லை. அதே பாடம், அதே தேர்வு. கூடவே கூடுதல் பயிற்சி வகுப்பும் ஆலோசனையும். பெரிய வகுப்பு வாங்கிய மதிப்பெண்ணையே இவர்களும் வாங்கினார்கள். பிறகு அவர் பல்கலைக்கழகம் முழுவதற்கும் பொறுப்பேற்றபோது, நான்கு ஆண்டுக்குள் முடிக்கும் வாய்ப்பை ஒவ்வொரு புதிய மாணவருக்கும் கணினி கணித்தது. வாய்ப்புக் குறைவானவர்களாகப் பார்த்துத் தலைமைத்துவப் பயிற்சித் திட்டம் ஒன்றில் உதவித்தொகையோடு சேர்த்தார்கள். ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. நீ தேறமாட்டாய் என்று கணினி சொல்கிறது என்ற சேதியே ஒருவரைத் தேறவிடாமல் செய்யப் போதும் என்பது லாடின் எண்ணம். நான்கு ஆண்டுக்குள் முடிப்பவர்கள் 52 சதவீதமாக இருந்த அங்கே 2018-இல் அது கிட்டத்தட்ட எழுபதை எட்டியது. மாணவரிடம் மறைத்தது சரியா என்ற விவாதம் இருக்கத்தான் செய்கிறது; நான் லாட் பக்கம்தான், ஆனால் முழு நிம்மதியோடு அல்ல.

இரண்டாவது மேரிலாந்தில் உள்ள மவுண்ட் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகம். நிதி நிறுவன உலகிலிருந்து வந்து தலைவரான சைமன் நியூமன், முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு வினாத்தாள் கொடுக்கச் செய்தார். உன்னை நீ அறிந்துகொள்வதற்கு என்று மாணவர்களிடம் சொல்லப்பட்டது. அதை வைத்து, தேறாமல் போகக்கூடிய இருபது இருபத்தைந்து பேரை அடையாளம் கண்டு, செப்டம்பர் கடைசியில் தலைக்கணக்கு எடுப்பதற்கு முன்பே வெளியே அனுப்பிவிட வேண்டும் என்பது திட்டம். கணக்கில் ஏறாதவர் விலகினால் அது விலகலாகவே பதிவாகாது. தங்கும் விகிதம் நான்கைந்து புள்ளி தானாக ஏறிவிடும். தயங்கிய பேராசிரியர்களிடம், மாணவர்களை முயல்குட்டிகளாகப் பார்க்காமல் தண்ணீரில் அமுக்க வேண்டியதுதான் என்ற பொருளில் அவர் பேசியதை மாணவர் பத்திரிகை 2016 ஜனவரியில் அம்பலமாக்கியது. எதிர்த்துப் பேசிய நிர்வாகி பதவி இழந்தார். பேராசிரியர்கள் இருவர் வேலைநீக்கம் செய்யப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். பிப்ரவரி முடிவதற்குள் நியூமன் பதவி விலகினார்.

இரு இடத்திலும் கேட்கப்பட்டது ஒன்றே: யார் விழப்போகிறார்? விகிதத்தை உயர்த்த ஒருவர் தொகுதியைக் கூட்டினார், மற்றவர் பகுதியைக் குறைக்கப் பார்த்தார். வெளியே தெரியும் சதவீதத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. பட்டம் பெறும் விகிதத்தை வைத்து நிதி ஒதுக்கும் அரசுகளும் தரவரிசை போடும் அமைப்புகளும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கல்லூரிக்கு இரண்டு வழியும் ஒரே பரிசைத்தான் தருகின்றன, இரண்டாவது வழி மலிவு.

மென்பொருளுக்குள் என்ன இருக்கிறது என்பதும் சிறிய கேள்வியில்லை. ‘தி மார்க்அப்’ என்ற புலனாய்வு இதழ் 2021-இல், பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பயன்படுத்திய ஆலோசனை மென்பொருளில் மாணவரின் இனமே ஒரு காரணியாகச் சேர்க்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தது. சில இடங்களில் வெள்ளை மாணவர்களைவிடக் கறுப்பின மாணவர்களுக்கு ‘அபாயம் அதிகம்’ என்ற முத்திரை நான்கு மடங்குவரை அதிகமாகக் குத்தப்பட்டிருந்தது. கடந்த காலத்தில் கறுப்பின மாணவர்கள் அதிகம் தோற்றார்கள் என்பது உண்மையென்றால், கணினி அதையே எதிர்காலத்துக்கும் நீட்டுகிறது. ஆலோசகர் அந்த முத்திரையைப் பார்த்து, கடினமான அறிவியல் படிப்பை விட்டு எளிய படிப்புக்குப் போ என்று சொல்லிவிட்டால் கணிப்பு பலித்துவிடும். ஜார்ஜியா ஸ்டேட் இனத்தையும் குடும்ப வருமானத்தையும் எச்சரிக்கைகளில் சேர்க்கவில்லை; மாணவர் வாங்கிய மதிப்பெண், பதிவு செய்த பாடம் போன்றவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டது. காரணம் வெறும் நாகரிகம் அல்ல. முதல் தாளில் சி வாங்கியிருக்கிறாய் என்றால் அதற்கு மேல் செய்ய ஏதாவது இருக்கிறது. நீ கறுப்பினம் என்ற தகவலை வைத்து ஆலோசகர் திங்கட்கிழமை காலை என்ன செய்வார்?

அட்லாண்டாவில் நடந்தது வேறு ஊரிலும் நடக்குமா? ஜார்ஜியா ஸ்டேட் உட்படப் பதினொரு பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள் 2014-இல் ஒரு கூட்டணி அமைத்தன. அவற்றில் பத்தாயிரம் ஏழை, முதல் தலைமுறை மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தரவு வழியிலான தீவிர ஆலோசனை தரப்பட்டது. மத்தியக் கல்வித்துறை இதற்குக் கிட்டத்தட்ட 90 லட்சம் டாலர் கொடுத்தது. பதினொன்றையும் சேர்த்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. ஜார்ஜியா ஸ்டேட்டில் மட்டும் பலன் தெளிவாகத் தெரிந்தது. மற்ற இடங்களில் ஆலோசகர்கள் பாதியில் மாறினார்கள், மாணவர்கள் அழைப்பை எடுக்கவில்லை, பழைய ஆலோசனை முறை ஒருபக்கம் அப்படியே நடந்தது. ஆலோசகர் பிரச்சினையைக் கண்டுபிடித்தாலும், பாக்கியைத் தீர்க்கும் தொள்ளாயிரம் டாலரோ பாட அட்டவணையை மாற்றும் அதிகாரமோ அவர் கையில் இருந்தால்தானே மேற்கொண்டு ஏதாவது நடக்கும்.

அட்லாண்டாவிலும் 54 சதவீதம் என்றால் மீதி 46 இருக்கிறது. அதில் வேறு கல்லூரியில் முடித்தவர்கள் உண்டு. பாக்கியோடு போனவர்களும் உண்டு, அமெரிக்கா முழுக்கவே இவர்கள் ஒரு பெரும் கூட்டம். பழைய பாக்கி தீரும்வரை மதிப்பெண் பட்டியலைத் தரமாட்டோம் என்று நிறுத்திவைப்பது பல கல்லூரிகளின் வழக்கமாக இருந்தது. அந்தப் பட்டியல் இல்லாமல் வேறு கல்லூரியில் தொடர முடியாது. இப்படிப் படித்த தாள்கள் முடங்கிக் கிடப்பவர்கள் சுமார் 66 லட்சம் பேர் என்று இத்தாகா எஸ்+ஆர் ஆய்வு அமைப்பு 2020-இல் மதிப்பிட்டது. ஒஹாயோவின் வடகிழக்கில் எட்டு அரசுக் கல்லூரிகள் 2022-இல் ஒரு உடன்பாட்டுக்கு வந்தன: விட்டுப்போனவர் எட்டில் எதில் மறுபடி சேர்ந்து ஒழுங்காகப் படித்தாலும், பழைய கல்லூரி தன் பாக்கியில் ஐயாயிரம் டாலர்வரை தள்ளுபடி செய்யும். அதற்கு அவர்கள் செய்யவேண்டியிருந்த முதல் வேலை, வசூல் நிறுவனங்களிடம் ஒப்படைத்திருந்த பெயர்ப் பட்டியல்களை எடுத்து, அதிலுள்ளவர்களை மாணவர்களாகக் கூப்பிட்டுப் பேசுவது.